மடித்த தகட்டில் ஒரு லேண்ட் ரோவர்

பாறைமீது ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட ரிமோட் வண்டிகளை ஆர்.சி. ஆர்வலர்கள் ‘கிராலர்’ என்கிறார்கள். பந்தய ஆர்.சி. கார்களைப் போல இவை சீறிப் பாய்வதில்லை. மனிதர் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு கல்லாகப் பற்றி ஏறுகின்றன. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1981இல் ஒரு டொயோட்டா பிக்கப்பை ஏணி வடிவ உலோகச் சட்டம், லீஃப் ஸ்பிரிங், மூன்று கியர் ஆகியவற்றோடு பத்தில் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. அந்த வழியில்தான் இன்றைய ஆக்ஸியல், ட்ராக்ஸாஸ் வண்டிகள் வந்திருக்கின்றன. இவற்றில் சேஸிஸ் உலோகம், பல்சக்கரங்களும் உலோகம். பாடி மட்டும் பிளாஸ்டிக். சிலர் அந்தப் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, ரிவெட் அடித்துத் தாங்களே பாடி கட்டுகிறார்கள். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதற்கு வாரக்கணக்கில் உழைப்பது வீண் பிடிவாதம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உழைப்புக்கு உறுதியான நியாயம் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தகட்டில் பாடி கட்டுகிறவர், அசல் வண்டியைச் செய்தவர்கள் சந்தித்த அதே கேள்விகளைச் சந்திக்கிறார். வண்டியின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது அவருக்குக் கைவழியாகப் புரிகிறது.

இதற்கு லேண்ட் ரோவரைவிடச் சிறந்த சான்று கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. எவ்வளவு ஏற்றுமதி செய்கிறாயோ அதைப் பொறுத்துத்தான் உனக்கு எஃகு என்று அரசு சொன்னது. சொகுசு கார்கள் செய்துவந்த ரோவர் நிறுவனத்துக்கு அது பெரிய நெருக்கடி. அதன் பொறியியல் தலைவர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் இருந்த தம் நிலத்தில் போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதைப் போன்ற ஒரு பண்ணை வண்டியை ரோவரே செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. எஃகு கிடைப்பது அரிது; ஆனால் போர் விமானத் தொழிலுக்காகப் பெருகியிருந்த அலுமினியம் இருந்தது. ஆகவே ‘பர்மாபிரைட்’ என்ற அலுமினியம்-மெக்னீசியக் கலவைத் தகட்டில் பாடி செய்தார்கள். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பெரிய அச்சுகளுக்குச் செலவழிக்க மனமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் பலகைகளைத் தட்டையாகவும் எளிய வளைவோடும் மட்டுமே வரைந்தார்கள். சேஸிஸைக்கூட தட்டையான எஃகுப் பட்டைகளை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பெட்டிபோல அமைத்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் பார்த்த அந்தச் சதுரமான முகம், ஓர் ஓவியனின் கற்பனையில் உருவானதைவிடத் தகட்டின் கட்டளையில் உருவானது அதிகம். 1958இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிக்கு ரோவரின் வடிவமைப்பாளர் டேவிட் பாக் பக்கவாட்டில் தோள்போன்ற ஒரு வளைவு கொடுத்தார். அந்த வளைவும் பெரும்பாலும் ஒரே திசையில் உருட்டக்கூடியதாகவே இருந்தது. 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில், அந்த வரிசைகளின் வழிவந்த பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி வெளிவந்தபோதும் அந்த முதல் முகத்தின் சாயல் மாறவில்லை.

பிளாஸ்டிக்குக்கும் அதற்கே உரிய கட்டளைகள் உண்டு. பாலிகார்பனேட் கூடு, சூடேற்றிய தாளை ஓர் அச்சின்மேல் போட்டுக் காற்றை உறிஞ்சி உருவாக்கப்படுவது. அந்த முறையில் கூர்மையான விளிம்பு வராது. மூலைகள் எல்லாம் மழுங்கியே வரும். உட்பக்கமாக மடங்கும் விளிம்புகளும் வராது, ஏனெனில் அச்சிலிருந்து கூட்டைக் கழற்ற முடியாமல் போகும். கதவு கீல், மழைநீர்க் கால்வாய், ரிவெட் தலை எல்லாம் மெல்லிய புடைப்பாகவோ ஒட்டும் படமாகவோ மாறிவிடுகின்றன. வார்த்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாடியில் விவரங்கள் கூர்மையாக வரும். ஆனால் அங்கும் ஒரு பலகை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெறும் கோடுதான். உண்மையில் அங்கே இணைப்பே இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ட்ராக்ஸாஸ் டி.ஆர்.எக்ஸ்.4 வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு இடையே 324 மி.மீ. தூரம். 110 அங்குல அச்சு இடைவெளி கொண்ட டிஃபெண்டரைப் பத்தில் ஒன்றாக்கினால் வருவது 279 மி.மீ. பாறை ஏற நீளம் உதவும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஆயத்தப் பாடி ஏற்கெனவே பல சமரசங்களோடுதான் நம் கைக்கு வருகிறது என்பதை இது காட்டுகிறது.

தகடு கற்பிக்கும் பாடம்

கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் சேஸிஸை அளந்த பிறகே தகட்டைத் தொடுவதுபோல, இங்கும் வேலை அளவில்தான் தொடங்குகிறது. முதல் லேண்ட் ரோவரின் அச்சு இடைவெளி 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. பத்தில் ஒன்றாக 203 மி.மீ. சேஸிஸ் பட்டையை அந்த அளவுக்கு ஏற்ப வெட்டியபின், பாடியை அட்டையில் விரித்து வரைய வேண்டும். பின்பக்கத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். நடுவே தரை, இருபுறமும் சக்கரத்தை மூடும் பெட்டியின் நிமிர்ந்த சுவர், அந்தப் பெட்டியின் தட்டையான மேற்பரப்பு. அசல் வண்டியில் மனிதர் உட்காரும் இடமும் அதுதான். இதை ஒரே தகட்டில் செய்தால் நான்கு மடிப்பு. அரை மி.மீ. தகட்டை அதே அரை மி.மீ. உள் ஆரத்தில் 90 டிகிரி மடித்தால், வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து மடிப்பு ஒன்றுக்குச் சுமார் 0.9 மி.மீ. கழிக்க வேண்டும். மடிப்பின் மூலை வட்டமாகச் சுருக்கிச் செல்வதே காரணம். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் நான்கு மடிப்பில் 3.6 மி.மீ. பிசகும், அசல் அளவில் அது 36 மி.மீ. கதவு மூடாமல் போக அந்தப் பிசகே போதும். இந்தக் கணக்கைப் போட்டவருக்கு, ரோவரின் வரைவாளர்கள் ஏன் மடிப்புகளைக் குறைத்தார்கள் என்று விளக்கவே வேண்டாம்.

தகட்டைத் தேர்வதும் ஒரு பாடம். கடினமாக்கப்பட்ட 6061-டி6 தகடு உறுதியானது. ஆனால் நெருக்கமாக மடித்தால் மூலையில் விரிசல் விடும். 5052 வகை, பர்மாபிரைட்டைப் போலவே மெக்னீசியம் கலந்தது, மடிப்புக்கு இணங்கும். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். மேற்கொண்டு வளைக்க வேண்டுமானால் சூடாக்கி இளக்க வேண்டும். எஃகைப் போலச் சிவந்து காட்டாமல், 660 டிகிரியில் சட்டென்று உருகிவிடும் உலோகம் இது. அதனால் தொழிலாளர்கள் சலவை சோப்பைத் தகட்டில் தேய்த்து, அடியிலிருந்து தீ காட்டுவார்கள். சோப்புக் கறை கறுக்கும் நேரத்தில் தீயை எடுத்துவிட வேண்டும். வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தால் கையைக் கிழிக்கும், தகடும் அலைபாயும். அசல் வண்டியில் தொட்டியின் மேல் விளிம்புகளுக்குத் துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டையைக் கவித்தது இதற்காகத்தான். பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தெரியும். அரை மி.மீ. தகட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தவருக்கு அது தேவையாகத் தெரியும். இணைப்பும் அப்படியே. அலுமினியத்தின்மேல் காற்றுப்பட்ட கணமே ஆக்சைடு படலம் படர்வதால், பித்தளையில் போல ஈயம் வைத்து ஒட்டுவது எளிதில் நடக்காது. அதனால் சின்ன ரிவெட்டையும் எபாக்ஸியையும் நாட வேண்டியிருக்கிறது. அசல் பாடியிலும் எங்கு பார்த்தாலும் ரிவெட்டும் போல்ட்டும் இருப்பது தற்செயல் இல்லை.

எடையும் பிற மறுப்புகளும்

முதல் மறுப்பு எடை. கிராலர் சாய்வில் கவிழாமல் நிற்க, எடை கீழே இருக்க வேண்டும்; உலோகப் பாடி மேலே கனம் ஏற்றும் என்கிறார்கள். எண்களை வைத்துப் பார்ப்போம். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு மி.மீ. பாலிகார்பனேட் சுமார் 12 கிராம். இரண்டு மி.மீ. ஏ.பி.எஸ். 21 கிராம். அரை மி.மீ. அலுமினியம் 13.5 கிராம். அதே தடிமனில் எஃகு 39 கிராம், பித்தளை 42 கிராமுக்கு மேல். ஆக, அலுமினியத்தைத் தேர்ந்தால் பாடி கெட்டியான பிளாஸ்டிக்கைவிட இலேசாகவே அமையும்; மெல்லிய பிளாஸ்டிக்கை அது மிஞ்சுவது அந்தப் பரப்பில் ஒன்றரை கிராம்தான். மறுப்பு உண்மையாவது பித்தளையிலும் எஃகிலும்தான். சேஸிஸ் இரண்டரை கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 70 மி.மீ. என்று கொள்வோம். 150 மி.மீ. உயரத்தில் 300 கிராம் பாடி வைத்தால் மொத்த எடை மையம் 79 மி.மீ. ஆகும். 900 கிராம் பாடி வைத்தால் 91 மி.மீ. சக்கரங்களுக்கு இடையே 190 மி.மீ. அகலம் இருந்தால், முன்னதில் சுமார் 50 டிகிரி சாய்வு வரையும் பின்னதில் 46 டிகிரி வரையும் கவிழாது. சஸ்பென்ஷன் சாய்வதைச் சேர்க்காத எளிய கணக்கு இது. இருந்தாலும் நான்கு டிகிரி என்பது பாறையில் பெரிய வேறுபாடு. மேலே அலுமினியம், கீழே அச்சிலும் சக்கரத்திலும் பித்தளை எடை என்று பிரித்து வைப்பதே சரியான விடை. ரோவர் நிறுவனமும் சேஸிஸை எஃகிலும் பாடியை அலுமினியத்திலும் செய்ததால் கனம் கீழேயே தங்கியது.

இரண்டாவது மறுப்பு ரேடியோ. இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன, அலைநீளம் 12.5 செ.மீ. உலோகப் பெட்டிக்குள் ரிசீவரை மூடி வைத்தால் சமிக்ஞை குறையும் என்பது உண்மை. ஆனால் உண்மையில் வெளியே இருக்க வேண்டியது ஆன்டெனாவின் நுனி மட்டும். அலைநீளத்தில் கால் பங்கான 31 மி.மீ. அதைப் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் காற்றுக்குழாய்க்குள் செலுத்திவிடலாம். ஆற்றைக் கடக்கும் அசல் வண்டிகளிலும் அந்தக் குழாய் இருப்பதால் தோற்றமும் கெடாது. மின்கம்பிகள் தகட்டில் உரசும் இடங்களில் ரப்பர் வளையம் போடுவதும் அவசியம்.

மூன்றாவது மறுப்பு, தகடு நசுங்கும் என்பது. பாலிகார்பனேட் அடிபட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அலுமினியம் குழிந்தே நிற்கும். இதை நான் குறையாகக் கருதவில்லை. குழியைப் பின்புறமிருந்து மரக்கட்டையால் தட்டி எடுக்கலாம், பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடிக்கலாம், ஒரு பலகையை மட்டும் கழற்றிப் புதிதாக வெட்டிப் போடலாம். விரிசல் விட்டுக் கிழிந்த பாலிகார்பனேட் கூட்டை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ செல்லும் பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. தட்டையான பலகை, கழற்றக்கூடிய போல்ட், எந்தப் பட்டறையிலும் மடிக்கக்கூடிய தகடு ஆகியவை அந்த ஆயுளுக்குப் பெருந்துணை. பழுது பார்க்க முடிவதும் அந்த வடிவத்தின் ஒரு பகுதியே. உலோகத்தில் செய்யும்போது அதுவும் மாதிரிக்குள் வந்துவிடுகிறது. அதன் நோயும் கூடவே வரும். அசல் வண்டியில் எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். சேற்றில் ஓடும் மாதிரியில் பித்தளைத் திருகு அதையே செய்யும். இடையே ஒரு பெயின்ட் பூச்சோ நைலான் வாஷரோ வைப்பது அதைத் தடுக்கும்.

முப்பரிமாண அச்சு இருக்கும் காலத்தில் கத்திரியும் அரமும் எதற்கு என்ற கேள்வியே வலிமையானது. இருக்கை, ஸ்டியரிங், விளக்குக் கூடு போன்ற பல திசையில் வளையும் பாகங்களுக்கு அச்சுதான் பொருத்தம். அவற்றைத் தகட்டில் அடிக்க முயல்வது நேர விரயம். ஆனால் அச்சு இயந்திரத்துக்கு எல்லா வடிவமும் ஒன்றுதான். சதுரமும் உருண்டையும் அதற்கு ஒரே உழைப்பு. தட்டையான பலகைக்கும் வளைந்த பலகைக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டை அது நமக்கு உணர்த்தாது; லேண்ட் ரோவரின் வடிவம் பிறந்ததோ அந்த வேறுபாட்டில். நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு: பலரும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூட்டை எட்டுவது கடினமில்லை.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. வில்லிஸ் ஜீப், முதல் மூன்று வரிசை லேண்ட் ரோவர், பழைய டிஃபெண்டர் போன்ற மடித்த தகட்டு வண்டிகளுக்கே இது முழுமையாகப் பொருந்தும். பெரிய அச்சுகளில் அழுத்தி, எல்லாத் திசையிலும் வளைத்த இன்றைய எஸ்.யூ.வி.களைக் கையால் தகட்டில் செய்வது வேறு கலை. மணல் பையும் உருட்டு இயந்திரமும் நெடுங்காலப் பயிற்சியும் வேண்டும். அவற்றுக்கு வார்த்த பிளாஸ்டிக்கே நேர்மையான பொருள். தடிமனிலும் முழு உண்மை கிடைக்காது. அசல் தகடு ஒன்றரை மி.மீ. என்றால் பத்தில் ஒன்று 0.15 மி.மீ.; அது பாறையில் நிற்காது. அரை மி.மீ. போட்டு, கண்ணில் படும் விளிம்பை அரத்தால் சரித்து மெலிதாகக் காட்டுவதே வழி. அளவில் இந்தச் சமரசம் செய்தாலும் செய்முறையில் சமரசம் இல்லை.

ஆகவே ஒரு மாதிரி வண்டியை மதிப்பிடும்போது, புகைப்படத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. இந்த மடிப்பு ஏன் இங்கே, இந்தப் பட்டை எதைத் தாங்குகிறது, இந்த ரிவெட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். உலோகத்தில் கட்டியவரிடம் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கும். ஏனெனில் விடை தெரியாமல் அவரால் அந்தப் பாகத்தைச் செய்திருக்கவே முடியாது. தொடங்க விரும்புகிறவர் முழு வண்டியில் தொடங்க வேண்டாம். அட்டையில் வரைந்த ஒரு பின்தொட்டி, அரை மி.மீ. தகடு, தகரக் கத்திரி, வைஸில் கவ்விய இரண்டு ஆங்கிள் துண்டுகள், ஓர் அரம், ஒரு ரப்பர் சுத்தியல் போதும். நான்கு மடிப்பும் அளவில் வந்து, சேஸிஸ்மேல் ஆடாமல் உட்கார்ந்தால், மீதி வண்டியைக் கட்டத் தேவையான அறிவில் பெரும்பகுதி கையில் வந்துவிட்டது என்று நம்பலாம்.