கடல் மட்டத்திலிருந்து கார்துங் லா
மட்டாஞ்சேரியிலிருந்து லடாக்குக்கு மோட்டார் சைக்கிள்: தூரத்தைவிட அவசரமும் உயரமுமே சோதனை

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலை. மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளின் முதுகை ஒட்டிக் காயல். கடல் மட்டத்துக்கு மேலே சில அடிகள்தான். இங்கிருந்து கிளம்பும் மோட்டார் சைக்கிள் பிரியர்களின் கனவு லடாக்கின் கார்துங் லா கணவாய். உயரம் 5,359 மீட்டர்.

கனவுக்குத் தூபம் போட்டது சினிமா. சமீர் தாஹிர் இயக்கி, துல்கர் சல்மானும் சன்னி வேய்னும் நடித்து 2013-ல் வந்த மலையாளப் படம் ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’. நண்பர்கள் இருவர் கேரளத்திலிருந்து நாகாலாந்துக்கு புல்லட்டில் போகும் கதை. புல்லட்டோ தமிழகத்துச் சரக்கு. எல்லை ரோந்துக்காக ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி அது. அதைத் தயாரிக்க 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. ஆலை சென்னை திருவொற்றியூரில்.

வழி குழப்பமில்லாதது. இடப்பள்ளியில் தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்தால் பாலக்காடு, கோவை வழியாகச் சேலம். அங்கிருந்து 44-ம் எண் சாலை பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு கடந்து ஸ்ரீநகர் சேர்க்கிறது. பிறகு லே வரை 1-ம் எண் சாலை. மொத்தம் ஏறக்குறைய 4,000 கி.மீ.

சமவெளியில் எதிரி அவசரம்தான். 15 நாள் விடுப்பில் போய்த் திரும்ப நினைத்தால், ஓய்வே இல்லாமல் தினமும் 530 கி.மீ. ஓட்ட வேண்டும். தூக்கம் குறையும், இரவுப் பயணம் கூடும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஒரு நாளைக்கு 400 கி.மீ., அதுவும் பகலில் மட்டும் என்பதே விவேகமான கணக்கு.

மலையில் கணக்கே வேறு. ஸ்ரீநகர் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை ஜோஜி லாவில் 3,528 மீட்டருக்கு ஏறி, கார்கிலில் 2,676-க்கு இறங்கி, லேயில் 3,500-ஐத் தொடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் உடம்புக்குப் பழக அவகாசம் தருகிறது. விமானத்தில் லேயில் வந்து இறங்குபவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

கார்துங் லாவில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. கார்புரேட்டர் வண்டிகளும் அங்கே திணறும். மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் புதிய வண்டிகள் காற்றுக்கேற்பத் தாமே சரிசெய்துகொள்கின்றன. உடம்பு அவ்வளவு வேகமாக மாறாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். லேயில் இரண்டு நாளாவது தங்கி, தொந்தரவு இல்லையென்றால் மட்டும் ஏற வேண்டும். அறிகுறிகள் முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

ஆக, நிதானமாகப் போய் வர ஒரு மாதம் வேண்டும். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. பெட்ரோலை வடித்துவிட்டு, வண்டியை எர்ணாகுளத்தில் ரயில் பார்சலில் போட்டு டெல்லிக்கு அனுப்பலாம். நாட்டை நெடுக ஓட்டிக் கடந்த பெருமை கிடைக்காது. ஆனால், மலைக்குத் தேவையான நாட்கள் மிச்சமாகும்.