மூடை பிரித்துப் பக்கட் போடும் வேலை கணனிக்குள்ளும் உண்டு

கொத்தமல்லி மூடையைக் கொள்வனவு செய்து, புடைத்து, கல்லும் காம்பும் நீக்கி, நூறு கிராம் பக்கட்டுகளாகப் போட்டு, லேபல் ஒட்டிக் கடைகளுக்கு அனுப்புகிறவரை நமது வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மல்லியை அவர் விளைவிக்கவில்லை. ஆனால் பக்கட்டைத் திறந்ததும் பூச்சி பறந்தால் வாடிக்கையாளர் தேடிப் போவது விவசாயியை அல்ல, லேபலில் பெயர் உள்ளவரைத்தான். இதே தொழில் கணனி மென்பொருள் உலகத்திலும் முப்பது வருடங்களுக்கு மேலாக நடந்து வருகிறது என்பதும், அதைச் செய்கிறவர்களில் அநேகர் ஒரு சதமும் கூலி வாங்குவதில்லை என்பதும் 2020 ஜனவரி வரை எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது ஒரு நஷ்டத்தினால்.

நமது கடையின் பின்னறைக் கணனியில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் முறைமை. திருட்டு சீடியில் போட்ட மென்பொருளை வைத்து ஹலாலான வியாபாரம் செய்வது எப்படி என்ற கேள்வி ஒருநாள் வீட்டில் எழுந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. ஆகவே மார்க்கத்திலும் வழி இல்லை, சட்டத்திலும் வழி இல்லை. தங்கையின் மகன் வந்து லினக்ஸைப் போட்டுத் தந்தான். விலைப்பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. லேபல் அச்சிடும் இயந்திரம் அதைப் பார்த்துத்தான் விலை அடிக்கும். அந்தக் கோப்பைத் திறந்து திருத்துவதற்கு நாம் பாவிப்பது நானோ என்ற சிறிய எழுத்துத் திருத்தி. (கடைப் பையன்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பெரிய சிரிப்பு. "நானா, நானோவைத் திறக்கட்டுமா?" என்று கேட்பார்கள்.)

வருடத் தொடக்கத்தில் ஸ்டொக் எடுக்கும் நாளன்று நானோ திறக்க மறுத்தது. ஏதோ நூலகக் கோப்பைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி. முந்திய வாரம்தான் மருமகன் முழு முறைமையையும் டெபியன் 10ஆம் பதிப்புக்கு மாற்றிவிட்டுப் பரீட்சைக்குப் போயிருந்தான். பருப்பின் புதிய விலை ஏறாமல், பழைய விலையிலேயே இரண்டு நாள் விற்றுப் போனது. எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வந்தவனிடம், "என்ன மகன் இது, புதுசு போட்டால் நல்லா வேலை செய்ய வேணுமே?" என்றேன்.

"பிழை டெபியன்ட இல்ல மாமா, என்ட. முந்தி நான்தான் புதுப் பதிப்பு வேணும் என்டு மூலத்தில இருந்து கையால செஞ்சு வச்சேன். பக்கட் போடல்ல, சும்மா கொட்டி வச்சேன்" என்றான்.

பிறகு அவன் சொன்ன விளக்கம் ஒரு பலசரக்குக் கடைக்காரனுக்கு விளங்கக் கூடியதாகவே இருந்தது. நானோவை ஆக்கியவர்கள் அதன் மூல எழுத்துக்களை ஒரே கட்டாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்து, அவிழ்த்து, கணனிக்கு ஏற்றவாறு ஆயத்தம் செய்து, இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, உள்ளே வைக்கலாம். மூன்று கட்டளைகள்தான். ஆனால் அப்படி வைத்தது எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. நானோ தனியாக ஓடாது. திரையில் எழுத்துக்களை அடுக்கிக் காட்ட என்கர்சஸ் என்றொரு நூலகம் அதற்குத் தேவை. முறைமையை மாற்றியபோது என்கர்சஸின் 5ஆம் இலக்க வகை போய் 6ஆம் இலக்க வகை வந்துவிட்டது. பழையதைத் துப்புரவு செய்யும்போது, "இதை யாராவது பாவிக்கிறார்களா?" என்று முறைமை தன் பேரேட்டைப் பார்க்கும். மருமகன் வைத்த நானோ அதில் இல்லை. யாருக்கும் தேவையில்லை என்று எறிந்துவிட்டது. டெபியன் கொடுத்த நல்ல நானோவும் உள்ளேதான் இருந்தது. ஆனால் கையால் வைத்தது இருக்கும் தட்டைத்தான் கணனி முதலில் தேடுமாம். உள்ராக்கையில் நல்ல சாமான் இருக்க, கவுண்டரில் கெட்டதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய கதை.

அடுத்த முறை அவன் ஒழுங்காகப் பொதி செய்தான். பக்கத்தில் கதிரை போட்டு முழுவதையும் பார்த்தேன்.

முதலாவது, மூலக் கட்டு உண்மையாகவே அதை ஆக்கியவரிடமிருந்துதான் வந்ததா என்று அவரது இலத்திரனியல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்த்தல். மூடையின் தையலையும் முத்திரையையும் பார்ப்பது போல. அதன் பிறகு அந்தக் கட்டுக்குள் டெபியன் என்ற பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து சில பத்திரங்களை எழுத வேண்டும். ஒன்றில் சாமானின் பெயர், பொதி செய்பவரின் பெயர், முகவரி, ஆக்குவதற்கு என்ன தேவை, ஓடுவதற்கு என்ன தேவை என்பன. இன்னொன்றில் யார் உரிமையாளர், எந்த நிபந்தனையில் தந்தார் என்பது. வேறொன்றில் ஒவ்வொரு தடவையும் செய்த மாற்றம் திகதியோடு. கடைசியாக, ஆக்கும் முறை.

பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள். டெபியன் 12 வெளிவந்தபோது அதில் இருந்த நானோவின் இலக்கம் 7.2-1. கோட்டுக்கு முன்னே உள்ளது ஆக்கியவரின் இலக்கம். பின்னே உள்ளது பொதி செய்தவரின் இலக்கம். பொதி செய்தவர் தன் வேலையில் ஒன்றைத் திருத்தினால் 7.2-2 ஆகும், சாமான் மாறவில்லை, பக்கட் மாறியது என்று யாருக்கும் விளங்கும். நமது மசாலாப் பக்கட்டுகளில் எத்தனையில் இந்தப் பிரிவு உண்டு?

எனக்கு மிகவும் பிடித்தது வெற்று அறை. பொதியைத் தன் சொந்தக் கணனியின் சூழலில் ஆக்கினால், தன்னிடம் தற்செயலாக இருந்த ஏதோ ஒன்றைப் பாவித்துவிட்டு எழுத மறந்துவிடலாம். அதனால் கணனிக்குள்ளேயே ஒன்றுமில்லாத ஓர் அறையை உருவாக்கி, அடிப்படைக் கருவிகளோடு பத்திரத்தில் எழுதியவற்றை மட்டும் உள்ளே விட்டு, அங்கே ஆக்க வேண்டும். எழுதாத பொருள் உள்ளே கிடையாது, ஆகவே வேலை நின்றுவிடும். மருமகனுக்கு இரண்டு தடவை நின்றது. ஆக்கி முடிந்ததும் லின்டியன் என்றொரு பரிசோதகர் வருவார். நமது பீ.எச்.ஐ. மாதிரி. லேபலில் எழுத்துப்பிழை முதல் உரிமைப் பத்திரக் குறைவு வரை எல்லாவற்றுக்கும் குறிப்பெழுதுவார். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்ப முடியாது.

ஒரே மூலத்திலிருந்து டெபியனில் மூன்று பக்கட்டுகள் வருகின்றன. முழு நானோ ஒன்று, அலங்காரங்களை நீக்கிய மிகச் சிறியது ஒன்று, முறைமையை முதன்முதலாக நிறுவும்போது மட்டும் பாவிப்பதற்கு இன்னொன்று.

இந்த நானோ பிறந்த காரணமே ஒரு லைசன்ஸ்தான். முன்பு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு பீக்கோ என்றொரு எழுத்துத் திருத்தி வந்தது. இலவசம்தான். ஆனால் திருத்தம் செய்து, ஆக்கிய வடிவத்தில் விநியோகிக்க அதன் நிபந்தனை இடம் கொடுக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த சாமானையும் நிபந்தனை மீறிப் பக்கட் போட மாட்டோம் என்று டெபியன் நின்றது. 1997இல் தாங்கள் எழுதி வைத்துக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் வழிகாட்டிகளில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. 1999இல் கிறிஸ் அலெக்ரெட்டா என்பவர் பீக்கோவைப் போலவே நடக்கும் ஒன்றைப் புதிதாக எழுதி, எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பரப்பலாம், விற்கவும் செய்யலாம் என்று விட்டார். 2000இல் அதற்கு நானோ என்று பெயர் வந்தது. விலை இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் வேறு வேறு. நமது ஆட்களில் பலர் இன்றும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த உரிமையின் மேல் தொழில் செய்து வளர்ந்த ரெட் ஹெட் கம்பனியை 2019இல் ஐ.பீ.எம். சுமார் 3400 கோடி டொலருக்கு வாங்கியது. ரெட் ஹெட் விற்றது பக்கட்டையும் அதன் பின்னால் உள்ள உத்தரவாதத்தையும்தான்.

பொதி செய்பவரின் கை தவறினால் என்ன நடக்கும்? டெபியனே ஒருமுறை பட்டது. இரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில், 2006இல் ஒரு எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காகப் பொதி செய்தவர் சில வரிகளை நீக்கினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எண்ணிலடங்காத விதங்களில் பிறக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் 32,768 விதங்களுக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. இரண்டு வருடமாகச் செய்த சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை, தாங்களே உலகத்துக்கு அறிவித்தார்கள்.

2024இல் நடந்தது அதைவிடப் பயங்கரம். அதில் தவறு பொதி செய்தவரிடம் அல்ல, மூடையிலேயே இருந்தது. எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. நமது நானோவின் மூலக் கட்டும் அதனால்தான் சுருக்கப்பட்டு வருகிறது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் அதற்கு நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பும் எடுத்து, பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசல் ஒன்றை வைத்தார். எல்லோரும் பார்க்கும் திறந்த மூலக் களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகளைப் போல அது பதுங்கிக் கிடந்தது. அதை எழுப்பிவிடும் துண்டு, விநியோகத்துக்கென்று கட்டிய கட்டில் மட்டும் இருந்தது. காட்டிய சாம்பிள் ஒன்று, அனுப்பிய மூடை இன்னொன்று. ஈரத்தைக் கீழே மறைத்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். இங்கே கைவிட்டுப் பார்த்தவர் அன்ட்ரெஸ் ஃபிரொயன்ட் என்ற பொறியியலாளர். தூரத்துக் கணனிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29ஆம் திகதி அறிவித்தார். டெபியனின் பரிசோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்ட சாமான், பொதுமக்களுக்கான நிலையான பதிப்புக்குள் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அரை வினாடி! நமது தராசில் அரைக் கிராம் வித்தியாசத்தை யார் கவனிக்கிறோம்?

இப்போது அவர்கள் இன்னொரு வேலையிலும் இருக்கிறார்கள். ஒரே மூலத்தை இரண்டு பேர் வெவ்வேறு இடங்களில் பொதி செய்தாலும், கடைசி எழுத்து வரை ஒரே மாதிரிப் பக்கட் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படி வந்தால், மூலத்தில் இல்லாத எதையும் பொதி செய்பவர் இடையில் சேர்க்கவில்லை என்பதை மூன்றாமவர் ஒருவர் நிரூபிக்கலாம். டெபியனில் 2013இலிருந்து இது நடக்கிறது. பெரும்பகுதி பொதிகளில் சாதித்தும் விட்டார்கள்.

கடைக் கதையை முடித்துவிடுகிறேன். மருமகன் தன் பொதியின் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு அலைக்கோடு போட்டு நமது கடையின் குறியைச் சேர்த்தான். ஏன் என்று கேட்டேன்.

"அலைக்கோடு போட்டா இலக்கம் கொஞ்சம் குறைஞ்சது என்டு அர்த்தம் மாமா. டெபியன்ட சொந்தப் பக்கட் அதே இலக்கத்தோட வந்தாலும், இது தானாகவே வழிவிடும்" என்றான்.

2021 கடைசியில் முறைமையை 11ஆம் பதிப்புக்கு மாற்றினோம். டெபியனின் நானோ அதைவிடக் கூடிய இலக்கத்தோடு வந்தது, அவனது பக்கட் ஒதுங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் நான் விலைப்பட்டியலைத் திறந்து பருப்பின் விலையை மாற்றி, லேபல் அடித்து, கடை திறந்தேன். மாற்றியதை அவன் பின்னேரம் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.