கைக்குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் போதுமா? “முட்டை சூடு” என்பது சரியா?

சேலம்-

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கில் இருந்து ஜவ்வரிசி தயாராகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை கிடைக்கிறது. இந்த இரண்டில் கைக்குழந்தையின் கிண்ணத்துக்கு முதலில் போவது எது?

பல வீடுகளில் ஜவ்வரிசிதான்! முட்டை லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது.

“முட்டை சூடும்மா, பிள்ளைக்கு ஆகாது. ஜவ்வரிசிக் கஞ்சி குளிர்ச்சி” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். கஞ்சி குடித்த குழந்தை சமர்த்தாகத் தூங்கும். தாய்க்கும் நிம்மதி. ஆனால் தூக்கம் வேறு, வளர்ச்சி வேறு.

கணக்கு என்ன?

ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து. 100 கிராம் ஜவ்வரிசியில் 1 கிராம் புரதம்கூடக் கிடையாது. ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. சதை வளரவும், நோயை எதிர்க்கவும் புரதம் வேண்டும்.

பிறந்தது முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. 6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் பற்றாது. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்தும் அதற்குள் குறைந்துவிடும்.

ஒழுகும் கஞ்சி

குழந்தையின் வயிறு சிறியது. 8 கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர்தான் கொள்ளும். அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் மற்றதற்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் உணவு இருக்க வேண்டும்.

குழைந்த சோறும் பருப்பும், ராகிக்கூழ், மசித்த கீரை, வாழைப்பழம் தரலாம். கொஞ்சம் நெய்யோ, எண்ணெயோ சேர்க்கலாம். ஜவ்வரிசி கொடுத்தாலும் பருப்போ, பாலோ கலக்க வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை தினம் 2, 3 வேளை. பிறகு 3, 4 வேளை. தாய்ப்பாலை 2 வயது வரை நிறுத்தக் கூடாது.

முட்டை தரலாமா?

தரலாம்! 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு முட்டை, மீன், இறைச்சி போன்றவை தினமும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியது. நன்றாக வெந்த முட்டையை மசித்து, முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்க்க வேண்டும். தடிப்போ, வாந்தியோ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அரைவேக்காடும், பச்சை முட்டையும் கூடாது. சைவ வீடுகளில் பருப்பும், தயிரும் கை கொடுக்கும்.

டீயில் பன்னை நனைத்து ஊட்டும் பழக்கம் கூடவே கூடாது. உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். ஒரு வயது வரை தேனும் ஆகாது.

சத்துணவில் வந்த முட்டை

எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முதலில் முட்டை இல்லை. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் 2 வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் பள்ளிக்கூடங்களில் வாரம் 5 ஆனது. பள்ளிப் பிள்ளைக்கு ஆகும் முட்டை, வீட்டுக் குழந்தைக்கு மட்டும் ஆகாதா?

6 மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதை மாட்டுக்குக் கரைக்காமல் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். அங்கேயே மாதாமாதம் எடையும் போட்டுப் பார்க்கலாம். எடை ஏறாமல் நின்றால் “பல்லு மொளைக்குது, அதான்” என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.