மூன்றே எம்.எல்.ஏ-க்கள்... ஆட்சியையே மாற்றிய கனடா பேராசிரியர்!

2017, ஜூன் 29. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசுக்கு ஆதரவு 42, எதிர்ப்பு 44. தொடர்ந்து 16 ஆண்டுகள் நடந்த லிபரல் கட்சி ஆட்சி அன்று கவிழ்ந்தது.

கவிழ்த்தவர் பழுத்த அரசியல்வாதி அல்ல. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பருவநிலை விஞ்ஞானி, ஆண்ட்ரூ வீவர்!

1961-ல் மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் வரை சென்று படித்துவிட்டு, சொந்த ஊர் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார். கடலும் காற்றும் பனியும் சேர்ந்து பூமியின் வெப்பத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஐ.நா-வின் பருவநிலைக் குழு (ஐ.பி.சி.சி) வெளியிட்ட அறிக்கைகளின் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர். 2007-ல் அமைதிக்கான நோபல் பரிசை அல் கோருடன் பகிர்ந்துகொண்டது அந்தக் குழுதான்.

அப்படிப்பட்டவர் ஏன் ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டும்?

கோபத்துக்குக் காரணம் வரி!

2008-ல் பிரிட்டிஷ் கொலம்பியா கார்பன் வரியைக் கொண்டுவந்தது. பெட்ரோல், எரிவாயு போன்றவற்றை எரிப்பதால் வரும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 10 டாலர். வசூலாகும் பணத்தை வருமான வரிச் சலுகையாக மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வீவர் இதை மனதாரப் பாராட்டினார். கொண்டுவந்தது, பின்னாளில் அவர் கவிழ்த்த அதே லிபரல் கட்சி என்பதுதான் வேடிக்கை!

2012-ல் 30 டாலரை எட்டிய வரி, முதல்வர் கிறிஸ்டி கிளார்க் காலத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவரது கவனம் முழுக்க எரிவாயு ஏற்றுமதியில்.

வேட்பாளர்களைப் பிடிக்கவில்லை என்றால் நீங்களே தேர்தலில் நில்லுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவந்தவர் வீவர். ஒருகட்டத்தில் அது அவருக்கே பொருந்தியது. 2013-ல் ஓக் பே - கார்டன் ஹெட் தொகுதியில் கிரீன் கட்சி சார்பில் நின்று, 17 ஆண்டுகள் எம்.எல்.ஏ-வாக இருந்த அமைச்சர் ஐடா சோங்கைத் தோற்கடித்தார். கனடாவில் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கிரீன் கட்சிக்காரர் அவரே.

நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. 87 இடங்களில் லிபரல் 43, என்.டி.பி 41, கிரீன் 3. ஆட்சிக்குத் தேவை 44. இரண்டு பெரிய கட்சிகளுமே வீவருடன் பேச்சுவார்த்தை நடத்தின. அவர் என்.டி.பி-யின் ஜான் ஹோர்கனைத் தேர்ந்தெடுத்தார். அமைச்சர் பதவி எதையும் வாங்காமல், வெளியிலிருந்து ஆதரவு!

பலனும் கிடைத்தது. கட்சிகளுக்கு கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் நன்கொடை தரத் தடை வந்தது. கார்பன் வரி மறுபடி ஏறத் தொடங்கியது. 2018 டிசம்பரில் கிளீன்பிசி என்ற பருவநிலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2040 முதல் விற்கும் புதிய கார்கள் எதுவும் புகை கக்கக் கூடாது என்று சட்டமே வந்தது.

கவிழ்க்கவா, விழுங்கவா?

ஆனால், அதே ஹோர்கன் அரசு எல்.என்.ஜி கனடா என்ற பிரமாண்ட எரிவாயு ஏற்றுமதித் திட்டத்துக்கு வரிச் சலுகையும் கொடுத்தது. எல்.என்.ஜி பக்கம் போனால் ஆட்சியைக் கவிழ்ப்பேன் என்று முன்பு எச்சரித்தவர் வீவர். 2019-ல் மசோதா வந்தபோது மூன்று கிரீன் எம்.எல்.ஏ-க்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். லிபரல் ஆதரவுடன் மசோதா நிறைவேறியது. வீவர் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்திருந்தால் கிளீன்பிசி-யும் சேர்ந்து போயிருக்கும். சமரசம் என்று சிலர் திட்டினார்கள். அந்தத் திட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று ஓட்டுகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

2020-ல் கட்சித் தலைவர் பதவியை விட்டார், சுயேச்சையாக அமர்ந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்காமல், பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார்.

அவர் போராடிய கார்பன் வரி 2024-ல் 80 டாலரைத் தொட்டது. 2025, ஏப்ரல் 1-ல் பொதுமக்களுக்கான வரி ரத்தானது. ரத்து செய்தது, அவர் ஆட்சியில் அமர்த்திய அதே என்.டி.பி!