பியர் கலங்குவது ஏன்?

வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்குவோர் அநுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றிருந்த விதி இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டு அடுக்களைகள் பலவற்றில் இத்தொழில் ஒரு பொழுதுபோக்காகவே பரவிற்று. நமது நாட்டில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றமாகும். ஆகவே, நேயர்களே, இது செய்முறை கற்பிக்கும் பேச்சன்று. சில வாரம் பொறுத்திருந்து முதற் போத்தலைத் திறக்கும் ஆங்கிலேயர் ஒருவர், கலங்கிய பானத்தைக் கண்டு, இதைக் கொட்டிவிடுவதா, இன்னும் காத்திருப்பதா என்று எவ்வாறு தீர்மானிக்கிறார் என்பதே நாம் இங்கு ஆராயப்போவது.

முளைவித்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை, கைப்புச் சுவைதரும் ஹொப் பூவுடன் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் மதுவத்தை இடுவர். மதுவம் வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் தரும். யாழ்ப்பாணத்துப் பனைத்தொழிலாளருக்கு இதிற் பாதி புதிதன்று. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டாற் கள், கள்ளும் நாட்பட்டால் வினாகிரி. வெல்லம் எந்த நுண்ணுயிரின் கைக்குப் போகிறது என்பதே அங்கும் இங்கும் கேள்வி.

கலங்கல் எல்லாம் ஒரு தன்மையதன்று. குளிரூட்டியில் வைத்தபோது கலங்கிய பியர், குவளையில் அறையின் வெப்பநிலைக்கு வந்ததும் தெளியுமாயின், அது குளிராலாகிய கலங்கல். தானியத்தின் புரதமும், உமியிலும் ஹொப்பிலும் உள்ள துவர்ப்பொருளும் குளிரில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் அது உண்டாகின்றது. கண்ணுக்குத்தான் குறை; நாவுக்கு இல்லை. அடுத்த முறை நன்றாகக் கொதிக்கவைத்து விரைவாக ஆற்றினால் குறையும். சூடேறியும் தெளியாவிட்டால், பெரும்பாலும் மதுவம் இன்னும் அடியிற் படியவில்லை என்பதே காரணம். குளிரான இடத்தில் ஓரிரு வாரம் அசையாமல் வைத்தாற் போதும். அவசரப்படுவோர் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையைச் சேர்த்து மதுவத்தைப் படியச் செய்வர்.

அதற்கும் தெளியாததைக் கொஞ்சம் வேறாக எடுத்து இரண்டு துளி அயடீன் விட்டுப் பார்க்கலாம். நீலக்கருமை தோன்றினால் அது மாப்பொருள். பார்லியின் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்குவதற்கு 62 முதல் 68 பாகை சதம வரையான வெப்பம் வேண்டும். 75 பாகைக்கு மேற்சென்றால் அவை விரைவில் அழிந்துபோகும். இக்குறையை ஆக்கி முடிந்தபின் மாற்றுதல் அரிது. சோதித்த பங்கைக் குடிக்காமல் ஊற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பவேரியாவின் கோதுமைப் பியர் கலங்கியே பரிமாறப்படும். அதைக் குறைகூறுவார் இல்லை. மறுபுறம், பளிங்குபோலத் தெளிந்த பியர் வினாகிரி நாற்றம் வீசுவதும் உண்டு. எனவே கண்ணைவிட மூக்கையே நம்பவேண்டும்.

பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆனால் பற்றீரியா மட்டுமே குற்றவாளி அன்று. கொப்பன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பேர்க் ஆலையில் பியரின் சுவை கெட்டபோது, எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற அறிஞர், நல்ல மதுவத்தினுள் காட்டு மதுவம் கலந்திருப்பதைக் கண்டறிந்தார். தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்து 1883ஆம் ஆண்டில் ஆலைக்கு அளித்தார். ஆலை அதிபர் யாக்கொப்சன் அதனைப் பூட்டிவைக்காமல் பிற ஆலைகளுக்கும் வழங்கியமை பாராட்டுக்குரியது.

இனிச் சுவைக்கு வருவோம். பச்சை அப்பிள் மணம் வந்தால், பியர் இன்னும் முதிரவில்லை, காத்திருக்கலாம். வெண்ணெய் மணம் டயசெற்றைல் என்னும் பொருளால் வருவது. மதுவமே அதற்குக் காரணமாவது. பின்னர் அதை உறிஞ்சி மாற்றுவதும் மதுவமே. மதுவத்தின்மீதே சில நாள் சற்று வெப்பமான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் நீங்கும். அவ்வாறு வைத்தும் மணம் ஏறிக்கொண்டே போனாற் பற்றீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். மருந்துச்சாலையை நினைவூட்டும் மணத்துக்குக் குழாய்நீரின் குளோரீன் காரணமாகலாம். அது தானாக நீங்காது. நனைந்த காகித அட்டையின் சுவை, போத்தலில் அடைக்கும்போது சளசளவென்று ஊற்றியதால் ஒட்சிசன் கலந்ததைக் காட்டும். ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கின் நாற்றம் போன்றது வெயிலின் வேலை: ஒளிபட்டு ஹொப்பின் கைப்புப் பொருள் சிதைந்து கந்தகத்தோடு கூடுகிறது. கபில நிறப் போத்தல் இதைப் பெரிதும் தடுக்கும். பச்சைப் போத்தலால் அவ்வளவு பயனில்லை.

புளிப்பும், மேலே மெல்லிய ஆடையும், போத்தற் கழுத்தில் வெண்வளையமும் சேர்ந்து காணப்பட்டால் காத்திருப்பது வீண். ஊற்றிவிட்டு, பாத்திரங்களைக் கழுவித் தொற்றுநீக்கி, கீறல் விழுந்த பிளாஸ்ரிக் வாளியையும் இரப்பர்க் குழாயையும் மாற்றவேண்டும். கீறலுக்குள் ஒளிந்த கிருமியைத் தூரிகை எட்டுவதில்லை.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்றுண்டு. வெல்லம் எஞ்சியிருக்கையில் அடைத்தாலும், காட்டு மதுவம் புகுந்தாலும், வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். கண்ணாடித் துண்டு கண்ணைப் பறித்துவிடும். அதனால் அநுபவமுள்ளோர் நீரமானியின் அளவு மூன்று நாள் மாறாதிருந்தால் மட்டுமே அடைப்பர். நுரைக்காகச் சேர்க்கும் சீனியும் லீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராமுக்கு மேற்போகாது. ஒரு போத்தல் திறந்தவுடன் பீறிட்டால் மற்றவற்றை வெறுங்கையால் தொடாமல், தடித்த துணியால் மூடிக் குளிரவைத்து, முகத்தை விலக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை வெளியேற்றுவர்.