கட்டி சொல்லும் ஜாதகம்

ஏற்காட்டுக்குப் போனால் ஏரியில் படகு விடுகிறோம். இரவில் லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே மினுமினுக்கும் சேலத்து விளக்குகளைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் யாருக்காவது பெருங்குடலில் புற்றுநோய் வந்துவிட்டால்? 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அந்த விளக்குகளை நோக்கி இறங்க வேண்டியதுதான். ஆபரேஷனுக்குப் பிறகும் மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டு.

"கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு ரத்தம்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

1965-ல் கானடாவில் மாண்ட்ரீல் நகரத்து டாக்டர்கள் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் குடல் கட்டிகளில் ஒரு பொருளைக் கண்டார்கள். கருவிலுள்ள சிசுவின் குடலில் இருந்து, பிறந்தபின் அநேகமாக மறைந்துவிடும் பொருள் அது. பெயர் சி.இ.ஏ. ஆபரேஷனுக்கு முன்பே இது ரத்தத்தில் மிக அதிகமாயிருந்தால் கவலை கூடுதல். ஆபரேஷன் ஆனதும் இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி மெல்ல ஏறினால், நோய் திரும்புகிறதோ என்று டாக்டர் உஷாராகிறார். வலியோ இளைப்போ தெரியுமுன்பே இந்தத் துப்புக் கிடைப்பதுண்டு. ஈரலில் ஓரிரு இடத்தில் மட்டும் பரவியிருந்தால் அதையும் வெட்டி எடுக்க வழியிருக்கிறதே!

ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சி.இ.ஏ. ஏறும், சில கட்டிகள் அதை உண்டாக்குவதே இல்லை. ஆகவே திடமாயிருப்பவர்கள் 'எதற்கும் பார்த்து வைப்போம்' என்று இதற்குப் பணம் கட்டுவது வீண்.

எடுத்த கட்டியையே சோதிப்பது இன்னொரு வகை. உடம்பில் ஜீன்களைப் பிரதி எடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு. (புரூப் திருத்துபவர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று பத்திரிகைக்காரர்களைக் கேளுங்கள்!) இவை பழுதான குடல் கட்டிகள் நூற்றுக்குச் சுமார் 15. விசித்திரம் என்னவென்றால், ஆரம்பக் கட்டத்தில் இவர்கள் பிழைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2022-ல் நியூயார்க்கில் இத்தகைய மலக்குடல் கட்டியுள்ள 12 பேருக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி கரைந்தே போயிற்று. ஆனால் இந்தப் பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வருவது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைக் கொண்டுபோனதும் மலக்குடல் புற்றுநோய்தான். டாக்டர் அக்காவாலும் காப்பாற்ற முடியாத காலம் அது. இன்றும் ரத்தம் போனால் 'மூலமாயிருக்கும்' என்று வெளியில் சொல்லக் கூசும் பெண்கள் எத்தனை பேர்! டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டி என்று தெரிந்துவிட்டாலோ, "எம்.எம்.ஆர். பார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள். குழந்தைகளுக்குப் போடும் ஊசிக்கும் அதே பெயர்தான். இது வேறு என்று டாக்டருக்குப் புரியும்.