இருமுறை உருகிய பொருள்

கொலஸ்ட்ரால் என்ற சொல்லை இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கண்டு அஞ்சுவதே நம்மில் பலரது வழக்கம். அப்பொருள் அறிவியலில் ஒரு புதிய துறைக்கே வாயில் திறந்த வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை.

பித்தப்பைக் கற்களில் கண்டறியப்பட்ட இப்பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரல் 1810-களில் ‘கொலஸ்டரின்’ எனப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘கோலே’ என்பது பித்தநீர். ‘ஸ்டெரியோஸ்’ என்பது திண்மை. அது ஆல்கஹால் இனத்தைச் சேர்ந்தது என்று 1859-இல் பெர்த்தலோ நிறுவினார். வேதியியலில் ஆல்கஹால் என்பது மதுவை மட்டும் குறிப்பதன்று. ஒரு பெரும் சேர்ம இனத்தின் பெயர். அச்சொல்லின் வேரோ நாம் கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறிக்கும் ‘அல்குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லாகும்.

1888-ஆம் ஆண்டு. பிராகு நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலார், கொலஸ்ட்ராலின் வேதி வாய்பாட்டை உறுதி செய்ய முயன்றுகொண்டிருந்தார். அதன் சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தயாரித்து உருகுநிலையை அளந்தார். தூய பொருளுக்கு உருகுநிலை ஒன்றே என்பது அன்றைய வேதியியலாரின் உரைகல். ஆனால் கொலஸ்டரைல் பென்சோயேட்டோ 145.5 பாகையில் உருகிப் பால்போல் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 பாகையில் அக்கலங்கல் திடீரென மறைந்து தெளிந்தது. குளிர்வித்தபோது நீலமும் ஊதாவும் தோன்றி மறைந்தன.

மாசு கலந்திருக்கலாம் என்று அவர் முதலில் தம் பொருளையே ஐயுற்றார். மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார், முடிவு மாறவில்லை. பொருந்தாத அளவைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுவது எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. படிகங்களை வெப்பப்படுத்தியவாறே நுண்நோக்கியில் காணும் கருவியை அமைத்திருந்த இயற்பியலார் ஓட்டோ லேமனுக்கு, 1888 மார்ச் 14 அன்று நீண்ட கடிதம் எழுதி, பொருளின் மாதிரிகளையும் அனுப்பினார்.

லேமன் அதனை முனைவாக்கிய ஒளியில் நோக்கினார். ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்திய இரு முனைவாக்கிகளுக்கிடையே சாதாரண நீர்மம் இருண்டு தோன்றும். இக்கலங்கிய நீர்மமோ பெரும்பாலான படிகங்களைப் போல் ஒளிர்ந்தது. அதன் மூலக்கூறுகள் நீர்மம்போல் நகர்ந்தும், படிகம்போல் ஒரே திசை ஒழுங்கைக் காத்தும் நின்றன என்பதே அதன் பொருள். 1889-இல் லேமன் ‘பாயும் படிகங்கள்’ என்ற தலைப்பில் கட்டுரை வெளியிட்டார்.

அறிஞருலகம் எளிதில் இசையவில்லை. இது வெறும் பால்மம், இரு பொருள்களின் கலவை என்று டாமன் போன்றோர் வாதிட்டனர். அந்த ஐயமும் பயனின்றிப் போகவில்லை. 1890-இல் காட்டர்மன் செயற்கையாகத் தயாரித்த வேறொரு தூய சேர்மமும் இருமுறை உருகிற்று. ஹாலே நகரில் ஃபோர்லாண்டர் இத்தகைய சேர்மங்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கினார். 1922-இல் ஜார்ஜ் ஃபிரிடெல் இந்நிலைகளை மூவகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று ‘கொலஸ்டெரிக்’ என்றே இன்றும் வழங்குகிறது. அதில் மூலக்கூறுகள் சுருள்படிக்கட்டுப்போல் திருகி அமைகின்றன. வெப்பநிலை மாறினால் சுருளின் இடைவெளி மாறும். அது தெறிக்கும் நிறமும் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டை இத்தன்மையால் இயங்குவதே. கைப்பேசித் திரைகள் பலவற்றிலுள்ள திரவப் படிகம் வேறு வகைச் சேர்மமெனினும், அத்துறையின் தொடக்கம் ரைனிட்சரின் சோதனைக் குழாயே.

கண்டுபிடிப்பின் பெருமை லேமனையே சூழ்ந்தபோது, 1908-இல் ரைனிட்சர் இவ்வரலாற்றை எழுதித் தம் பங்கை நினைவூட்ட நேர்ந்தது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி யாரிடமிருந்து வந்தது என்ற இஸ்னாதை விடாது சொல்வது அமானிதமாகக் கருதப்படுகிறது. ஆய்வுக்கூடத்திலும் அந்த அமானிதம் உண்டு.

அறியாததை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. மாணவரின் கேள்வி பாடத்திற்குப் பொருந்தவில்லை என்று நாம் அடக்கிவிடும்போது, எந்தக் கதவை மூடுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. ரைனிட்சர் விடை கண்டவரல்லர்; வினாவை மறைக்காதவர். அறிவுலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காகவே.